மிரருக்கு ஒரு ஃபேன்: மொட்டை மாடி நாட்குறிப்பு

2025 ஜனவரி 4, சனி

வியாழன் இந்த சீசன்ல ரிஷபத்துல இருக்கறதால நம்ம திருப்பத்தூர்ல கிட்டத்தட்ட தலைக்கு மேல போகுது, உச்சில இருந்து 9 டிகிரி தான் தள்ளி. லண்டன்ல உக்காந்து பாக்கறவனுக்கு இந்த உயரம் எல்லாம் கனவு. ஆனா 8 இன்ச் டாப்சோனியன்ல (அடில பெரிய மிரர் வெச்ச குழாய் டெலஸ்கோப்) 6 எம்எம் ஐபீஸ் (கண்ணு வெச்சு பாக்கற லென்ஸ்) போட்டு 200 மடங்குல பாத்தா ரெண்டு பட்டை தெரியுது, ஓரம் எல்லாம் கொழகொழன்னு இருக்கு, அவ்ளோ தான். வானம் சரியில்லைன்னு சொல்லிட்டு படுத்துக்கலாம், எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் பக்கத்துல இருந்த ரோகிணிய எடுத்து ஃபோகஸ வெளிய தள்ளி பெரிய வட்டமாக்கி பாத்தேன். மேல வானத்துல காத்து கலங்கினா அந்த வட்டத்துல அலை சட்டு சட்டுன்னு ஒரு பக்கமா ஓடும், ஆத்து தண்ணில கல்லு தெரியற மாதிரி. இங்க அப்படி இல்ல. மெதுவா, சோம்பேறித்தனமா, சுருள் சுருளா ஏதோ ஒண்ணு வட்டத்துக்குள்ள எழும்பி வளைஞ்சு போய்க்கிட்டு இருக்கு. இது வானம் இல்ல, ட்யூபுக்குள்ள இருக்கற சூடு.

சந்தேகம் இருந்தா ஒரு வேலை பண்ணுங்க, ட்யூப் வாய்க்கு முன்னாடி கைய நீட்டிட்டு அதே வட்டத்த பாருங்க. விரல்ல இருந்து சூடு கிளம்பி போறது அப்படியே தெரியும். மொத தடவ பாக்கறவங்க பயந்தே போயிடுவாங்க.

தெர்மாமீட்டர் வெச்சு பாத்தேன், மீன் தொட்டிக்கு போடுவாங்களே வயரோட அந்த டைப். வயர் நுனிய மிரர் பின்பக்கம் சில்வர் டேப் போட்டு ஒட்டியாச்சு. சாயங்காலம் 6:15க்கு காத்து 26, கண்ணாடி 30.4. எட்டு மணிக்கு காத்து 23.4, கண்ணாடி 25.4. பத்து மணிக்கும் ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம். காத்து இறங்க இறங்க கண்ணாடி பின்னாடியே துரத்திக்கிட்டு ஓடுது, புடிக்கவே மாட்டேங்குது.

லேசர் மாதிரி செவப்பு புள்ளி அடிக்கற டெம்பரேச்சர் கன் இருக்கே, அத மிரரோட பளபள பக்கம் அடிச்சா வர்ற நம்பர நம்பாதீங்க. அலுமினிய பூச்சு எதிர்ல இருக்கறதோட வெப்பத்த பிரதிபலிச்சு காட்டும். பின்பக்க வெறுங்கண்ணாடில அடிச்சா ஓரளவு சரியா இருக்கும்.

2025 ஜனவரி 6, திங்கள்

ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல ஒரு கணக்கு போட்டேன். காத்தோட வெப்பம் 1 டிகிரி மாறினா அதோட ஒளிவிலகல் எண் சுமாரா பத்து லட்சத்துல ஒரு பங்கு மாறும். கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி தான் இருக்கு. ஆனா என் ட்யூப் நீளம் 1.2 மீட்டர், ஒரு பக்கம் காத்து இன்னொரு பக்கத்த விட 1 டிகிரி சூடா இருந்தா ஒளிப்பாதைல 1.2 மைக்ரான் வித்தியாசம் வந்துடும். பச்சை வெளிச்சத்தோட அலைநீளமே 0.55 மைக்ரான் தான். ரெண்டு அலைக்கு மேல போச்சு! இதுல வெளிச்சம் ட்யூபுக்குள்ள ஒரு தடவ இறங்கி மிரர்ல பட்டு மறுபடி ஏறி வேற வருது. காலு அலை தாண்டினாலே படம் கெட்டுடும்ங்கறாங்க, அப்புறம் எட்டுல ஒரு அலை சுத்தம், பத்துல ஒரு அலை சுத்தம்னு பெருமையா காசு குடுத்து மிரர் வாங்கி என்ன புண்ணியம்.

பைரெக்ஸ், செரோடர் மாதிரி ஸ்பெஷல் கண்ணாடில செஞ்ச மிரர் வாங்கினா பிரச்சனை இல்லைன்னு ஒரு பேச்சு இருக்கு. அது பாதி தான் உண்மை. அந்த கண்ணாடிங்க சூட்டுல உருவம் அவ்வளவா மாறாது, சரி. ஆனா சூடா இருக்கற வரைக்கும் மேல இருக்கற காத்த சூடாக்கிக்கிட்டே தானே இருக்கும், காத்துக்கு அது என்ன கண்ணாடின்னு தெரியுமா?

பெரிய ஆளுங்களும் இதுல மாட்டியிருக்காங்க. அமெரிக்கால மவுண்ட் வில்சன்ல 100 இன்ச் ஹூக்கர் டெலஸ்கோப்ல 1917 நவம்பர் 1 ராத்திரி மொத தடவையா கண்ண வெச்சு பாத்தாங்க. வியாழன திருப்பினா ஒண்ணு மேல ஒண்ணா ஆறேழு வியாழன் தெரியுது. அத கட்ட வெச்ச ஹேலுக்கும் கூட இருந்த ஆடம்ஸுக்கும் உசுரே போயிருக்கும், அத்தன வருஷ உழைப்பு, நாலு டன்னுக்கு மேல எடை உள்ள கண்ணாடி. விசாரிச்சா பகல்ல வேலை பாத்தவங்க டோம திறந்து விட்டிருக்காங்க, மிரர்ல வெயில் பட்டிருக்கு. காத்திருந்தாங்க. விடியகாலைல 3 மணி சுமாருக்கு வந்து ஒரு நட்சத்திரத்த பாத்தாங்க, ஊசி முனை மாதிரி ஒரே புள்ளி. அவங்களுக்காவது டோம்ல இருந்துச்சு. என் டெலஸ்கோப் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி ரூம்ல பகல் பூரா வேகுது.

2025 ஜனவரி 11, சனி

சென்னைல இருக்கற மச்சான் ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து மிரர் பின்னாடி மாட்டி அத ஆற வெக்க 120 எம்எம் கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணும், ஃபேன் வேகத்த மாத்த வோல்ட் கொறைக்கற எல்எம் 2596 போர்டு ஒண்ணும் வாங்கி அனுப்பிட்டான். பால் பேரிங் தான் வேணும்னு கறாரா சொல்லியிருந்தேன், ஏன்னா டாப்சோனியன உச்சிய பாத்து திருப்பினா ஃபேன் படுத்த மேனிக்கு சுத்தும், சாதா ஸ்லீவ் பேரிங் அந்த நிலைல சீக்கிரம் முனக ஆரம்பிச்சுடும்.

அம்மா பாத்துட்டு, "எங்க ரூம் ஃபேன் டக் டக்குனு அடிச்சுக்கிட்டு கிடக்கு, அத பாக்க நாதியில்ல, இதுக்கு ஃபேனாடா"ன்னாங்க. நியாயமான கேள்வி தான். அதுக்கு கெப்பாசிட்டர் நாளைக்கு மாத்தணும்.

ஃபேன நேரா ஸ்க்ரூ போட்டு முறுக்கினா அதோட அதிர்வு முழுக்க மிரருக்கு போகும், 200 மடங்குல நட்சத்திரம் புள்ளியா இல்லாம குட்டி வளையமா தெரியும். பழைய சைக்கிள் ட்யூப விரல் அகலத்துக்கு நாலு பட்டையா கீறி, ஃபேனோட நாலு மூலை ஓட்டைலயும் ஒவ்வொண்ண கோத்து, மறுமுனைய மிரர தாங்கற செல்லோட போல்ட்ல இழுத்து கட்டிட்டேன். ஃபேன் எதுலயும் படாம நடுவுல தொங்குது. விரலால தட்டினா ரெண்டு ஆட்டம் ஆடி நின்னுடுது.

அடுத்தது தான் முக்கியமானது, நிறைய பேர் விட்டுடறாங்க. ஃபேனுக்கும் ட்யூப் ஓரத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும், சும்மா ஃபேன மட்டும் மாட்டினா காத்து மிரர்ல மோதி அந்த இடைவெளி வழியாவே திரும்பி ஓடிடும், பாதி வேலை வீண். போர்டு எழுதற கடைல சன்போர்டு (லேசான ஃபோம் அட்டை) துண்டு கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ஆணி, நூல், பேனா வெச்சு வட்டம் போட்டு நறுக்கி, நடுவுல ஃபேனுக்கு ஓட்டை, வெளி ஓரத்துக்கு கதவுல ஒட்டற ஸ்பாஞ்ச் டேப். இப்ப காத்து மிரர் பின்பக்கம் பட்டு, ஓரமா சுத்தி மேல ஏறி ட்யூப் வாய் வழியா தான் போயாகணும். ஃபேன் வாய்ல பழைய மல் துணி ஒண்ணு ரப்பர் பேண்ட் போட்டு கட்டியாச்சு, இல்லன்னா மாடி தூசி எல்லாம் மிரர் மேல தான்.

பவருக்கு யூபிஎஸ்ல இருந்து கழட்டின 12 வோல்ட் பேட்டரி. ஃபேன் இழுக்கறது 0.15 ஆம்பியர், ராத்திரி முழுக்க ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது.

2025 ஜனவரி 13, திங்கள்

போகி. தெரு பூரா புகை, டயர் நாத்தம், போதாக்குறைக்கு பௌர்ணமி நிலா வேற. டெலஸ்கோப்ப வெளிய எடுக்கவே இல்ல, இந்த புகைய ஃபேன் போட்டு மிரர் மேல இழுத்து விடணுமா என்ன.

2025 ஜனவரி 14, செவ்வாய்

விடியகாலைல கோலம் போட தண்ணி தெளிக்கறப்போ அம்மா கூப்பிட்டு காட்டினாங்க, மேற்கால நிலாவும் செவ்வாயும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அமெரிக்கால பாத்தா நிலா அத மறைச்சே இருக்கும், நமக்கு கிட்டத்துல வந்ததோட சரி. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்.

2025 ஜனவரி 16, வியாழன்

இன்னிக்கு செவ்வாய் எதிரமைவு, அதாவது சூரியனுக்கு நேர் எதிர்ல நிக்குது. சின்ன எதிரமைவு தான், பாக்க 14.6 ஆர்க் செகண்ட் அகலம், வியாழன்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. அதனால இதுக்கு தான் சுத்தமான படம் தேவை.

6 மணிக்கே மாடிக்கு தூக்கிட்டு வந்து ஃபேன 12 வோல்ட்ல முழு வேகத்துல விட்டேன். ஆரம்பத்துல வித்தியாசம் நாலரை டிகிரி கிட்ட. ஏழு மணிக்கு 1 டிகிரி. எட்டு மணிக்கு அரை டிகிரி. போன தடவ ராத்திரி பத்து வரைக்கும் தொட முடியாதத இது ஏழு மணிக்கே தாண்டிடுச்சு. கண்ணாடி கிட்டத்தட்ட 2 கிலோ, அடுப்ப அணைச்சாலும் தோசைக்கல்லு சூட்ட விடாதுல்ல, அப்படி தான் இதுவும் தானா ஆறட்டும்னு விட்டா ஆறவே ஆறாது, காத்து அடிச்சு தான் பிடுங்கணும்.

பார்வை ஆரம்பிச்சதும் ஃபேன ஆஃப் பண்ணிடணும்னு சிலர் சொல்வாங்க. நான் 7 வோல்ட்டுக்கு கொறைச்சு ஓடவிட்டே தான் பாத்தேன். செவ்வாயோட வடதுருவ பனி வெள்ளையா, சின்னதா, ஓரம் கத்தரிச்ச மாதிரி தெரிஞ்சுது. ஃபேன நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்தா பனி இருக்கு, ஆனா அந்த ஓரம் கரைஞ்சு போச்சு. மறுபடி போட்டா கொஞ்ச நேரத்துல திரும்பி வருது. அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலே மிரர் முகத்து மேல சூடான காத்து மெல்லிசா ஒரு படலமா ஒட்டிக்கிட்டு நெளியும், அத லேசான காத்து கலைச்சுவிட்டுக்கிட்டே இருக்கணும், அதான் விஷயம். காபி போடற ஏரோப்ரெஸ் கண்டுபிடிச்ச ஆலன் ஆட்லரும் டெலஸ்கோப் பைத்தியம் தான், அந்த மனுஷன் ஃபேன் வெச்சு அளந்து பாத்து எழுதியிருக்கார். காபிக்கு பின்னாடி எவ்ளோ மூளை இருக்கு பாருங்க.

"நம்ம ஊர்ல ஏது குளிர், ஃபேன் எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு"ன்னு அடிக்கடி கேக்கறேன், எனக்கு இதுல உடன்பாடே இல்ல. எவ்ளோ குளிர்ங்கறது கணக்கே இல்ல, கண்ணாடிக்கும் காத்துக்கும் நடுவுல எவ்ளோங்கறது தான் கணக்கு. இன்னும் ஒண்ணு, நமக்கு கிரகம் எல்லாம் உச்சில போகுது. அதனால ட்யூப் செங்குத்தா நிக்கும். ட்யூப் சாஞ்சிருந்தா சூட்டுக்காத்துல பாதியாவது மேல்பக்க சுவர ஒட்டிக்கிட்டு போகும். நேரா நின்னா மிரர்ல கிளம்பற சூடு முழுக்க நட்டநடுவுல, வெளிச்சம் வர்ற பாதைலயே ஏறும். ஆக நமக்கு தான் ஃபேன் அதிகமா வேணும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

மச்சான் ஃபோன். "மாப்ள, நானும் ஃபேன் மாட்டிட்டேன், வெளிய எடுத்த உடனே மிரர் பனி பிடிச்சு பால் மாதிரி ஆயிடுச்சு, ஃபேன் போட போட இன்னும் ஜாஸ்தி ஆகுது." எங்க வெச்சிருந்தன்னு கேட்டா பெட்ரூம்ல, ஏசில.

அவன் கதை நம்ம கதைக்கு நேர் தலைகீழ். சென்னைல கடல் காத்து, ராத்திரிக்கும் சாயங்காலத்துக்கும் ரெண்டு மூணு டிகிரி தான் இறங்கும், ஆனா ஈரம் பயங்கரம். ஏசி ரூம்ல ஊறின கண்ணாடி வெளிக்காத்த விட ஜில்லுன்னு இருக்கு, ஃபேன் ஈரக்காத்த கொண்டு வந்து கொண்டு வந்து அது மேல கொட்டுது. மூடிய போட்டே ட்யூப்ப பால்கனில சாயங்காலமே வெச்சுடு, காத்து சூட்டுக்கு வந்தப்புறம் மூடிய திற, துணி போட்டு மட்டும் துடைச்சுடாத மவனேன்னு சொன்னேன். அவனுக்கு ஏசி இல்லாத ஹால் மூலை போதும், ஃபேன கூட சின்ன வேகத்துல விட்டா போதும்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

லீவு. நம்ம ஜவ்வாது மலை மேல காவலூர்ல வைணு பாப்பு ஆய்வகம் இருக்கறது இங்க பக்கத்துல தான், அங்க 2.34 மீட்டர் டெலஸ்கோப். அதுக்கு முன்னாடியே 1972ல இருந்து 1 மீட்டர் ஜெய்ஸ் ஒண்ணு இருக்கு, 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைச்சப்போ, வளையம் தெரியவந்த அந்த ராத்திரி, அதுலயும் பதிவு பண்ணாங்க. 725 மீட்டர் உயரம், சுத்தி காடு, மண்ணு தரை. எனக்கு பொறாமை அந்த மண்ணு மேல தான்.

என் மாடி கான்க்ரீட் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் காலுக்கு வெதுவெதுன்னு இருக்கு. ட்யூப்ப ஃபேன் போட்டு ஆற வெச்சாலும் ஃபேன் இழுக்கறது தரையோட சூட்டுக்காத்த தானே. அதனால இப்ப அஞ்சு மணிக்கே நாலு பக்கெட் தண்ணி ஊத்தி, ராக்கர் பாக்ஸ (டெலஸ்கோப் உக்கார்ற பெட்டி) ரெண்டு ஹாலோ பிளாக் மேல தூக்கி வெச்சுட்டேன். சிலில பரனால்ல பெரிய டெலஸ்கோப் கட்டடத்த பகல் பூரா ஏசி போட்டு ராத்திரி வெப்பத்துக்கு கொண்டு வந்து வெக்கறாங்க, ஹவாயில ஜெமினி டோமுக்கு பக்கவாட்டுல பெரிய பெரிய கதவு, சாயங்காலம் திறந்து விடுவாங்க. நமக்கு பக்கெட்டு.

2025 பிப்ரவரி 1, சனி

அமாவாசை போய் மூணு நாள், நிலா சீக்கிரமே இறங்கிடுச்சு. ஓரியன் நெபுலா நடுவுல இருக்கற டிரபீசியம்ங்கற குட்டி நட்சத்திர கூட்டத்த பாத்தேன். ஏ, பி, சி, டின்னு நாலு நட்சத்திரம் எந்த ராத்திரியும் தெரியும், அஞ்சாவது ஈ, ஏ கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆறாவது எஃப், அது சி-யோட பளபளப்புலயே அமுங்கிடும். ஃபேன் 7 வோல்ட்ல ஓட, ஈ சும்மா பாத்த உடனே, எஃப் கொஞ்சம் பொறுமையா பாத்தா நின்னு தெரியுது. 9 வோல்ட்டுக்கு ஏத்தினா எஃப் காணோம், சி லேசா வீங்கிடுச்சு, சைக்கிள் ட்யூப் தாங்கற அதிர்வு அவ்ளோ தான் போல. 7ல விட்டுட்டு போர்டு ஸ்க்ரூ மேல நெயில் பாலிஷ் வெச்சு ஒட்டிட்டேன், கை பட்டு திரும்பிடக் கூடாது.

பத்தரைக்கு மேல எஃப் விட்டு விட்டு வந்துது, ஃபோகஸ் விலக்கி பாத்தா இப்ப அலை சரசரன்னு ஒரே திசைல ஓடுது. இது மேல் காத்து, இதுக்கு எந்த ஃபேனும் கிடையாது. பன்னெண்டு மணிக்கு ட்யூப்ப தொட்டா மேல்பக்கம் ஈரம், ஆனா உள்ள செகண்டரி மிரர் (ட்யூப் மேல்பக்கம் இருக்கற சின்ன கண்ணாடி) காஞ்சே இருந்துச்சு, கீழ இருந்து காத்து போய்க்கிட்டே இருந்ததால இருக்கலாம், இன்னும் நாலு ஈரமான ராத்திரி பாத்துட்டு தான் சொல்லணும். மல் துணில ஒரு பக்கம் நல்லா கறுத்து போயிருக்கு, நாளைக்கு துவைக்கணும்.