உருளைக்கிழங்கு மலையும் பருப்பு ஏரியும்

என் மகளுக்கு ஐந்து வயது. இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. மனைவி வேலை முடிந்து வீடு வர எட்டரை ஆகிவிடும், அதற்குள் சமைத்து மகளைச் சாப்பிட வைத்துவிட வேண்டும். மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அதில் முதல் ஒன்றரை வருடம் நான் முழுமூச்சாகச் செய்தது காய்கறியை ஒளித்து வைக்கிற வேலை.

கீரையை வேகவைத்து, விழுதாக அரைத்து ஆம்லெட்டில் கலப்பேன். காலிஃப்ளவரை மசித்து உருளைக்கிழங்கோடு சேர்த்துவிடுவேன். கேரட் துருவல் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போகும். அவள் கவனிக்காமல் விழுங்கிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது என்று நிம்மதியாகப் பாத்திரம் கழுவப் போவேன்.

ஒரு நாள், சரியாக அரைபடாத கீரைத்தண்டு நார் ஒன்று ஆம்லெட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். பச்சை நூல் மாதிரி நீளமாக வந்தது. தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள என்ன போட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அன்றிலிருந்து ஆம்லெட்டும் போனது. எதைக் கொடுத்தாலும் பிய்த்துப் பிய்த்துப் பார்ப்பாள். வெறும் முட்டையைக்கூட நம்ப மாட்டேன் என்றாள். ஒரு பெரிய முட்டையில் ஆறு கிராமுக்குக் கொஞ்சம் கூடவே புரதம் இருக்கிறது. ஒரு கரண்டி கீரையை உள்ளே தள்ளப் போய் அதையும் சேர்த்துப் பறிகொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். புது உணவைக் கண்டால் பின்வாங்குவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் அதிகமாக இருக்குமாம். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அந்த வயதின் இயல்பு அது. கசப்பும் நம்மைவிடக் குழந்தைகளின் நாக்குக்குத்தான் தூக்கலாகத் தெரியும். ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுத் தடவை, பத்துத் தடவை, சில சமயம் பதினைந்து தடவைகூட அது கண் முன்னால் வர வேண்டியிருக்கும். பார்க்க வேண்டும், தொட வேண்டும், நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்றரை வருடமாக அவள் வயிற்றுக்குள் கீரை போயிருக்கிறது. ஆனால் அவள் கீரையைப் பார்த்ததே இல்லை. ஒளித்துக் கொடுத்த எந்தத் தடவையும் அந்தக் கணக்கில் சேராது.

சரி, இனிமேல் எதையும் ஒளிப்பதில்லை என்று முடிவு செய்தேன். எல்லாக் காயும் அதன் நிறத்தோடும் பெயரோடும் தட்டுக்கு வரும். அவள் கையும் சமையலில் இருக்கும்.

முதலில் வந்தது மலை. இரண்டு உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு இருக்கும்போதே தோலை உரித்துக் கரண்டியால் மசித்தேன். ஒரு கரண்டி வெண்ணெய், கொஞ்சம் சூடான பால், உப்பு. மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கிழங்கின் மாவுச்சத்தெல்லாம் உடைந்து வெளியே வந்து பசை மாதிரி இழுக்கும், மலை நிற்காது. இன்னொரு அடுப்பில் தோல் நீக்கிய சிவப்புப் பருப்பு அரைக் கோப்பை. அதை ஊறவைக்கவே வேண்டாம், இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். பச்சையாக இருக்கும்போது செம்மஞ்சளாக இருக்கிற பருப்பு வெந்ததும் மஞ்சளாகிவிடும். அதை அவள் கண்டுபிடித்துச் சொல்லும் வரை நானே கவனித்ததில்லை.

கிழங்கைத் தட்டில் குவித்து, நடுவில் கரண்டியால் குழி செய்யச் சொன்னேன். குழியில் பருப்பை ஊற்றினேன். "ஏரி!" என்றாள். சுற்றிலும் ப்ரோக்கோலியை நட்டோம். அவள்தான் நட்டாள், ஒவ்வொன்றாக, தலை மேலே வரும்படி. அப்புறம் ஏரிக்கரையை ஒரு இடத்தில் கரண்டியால் உடைத்தாள். மஞ்சள் பருப்பு மரங்களுக்கு நடுவே ஓடியது. "வெள்ளம் வந்துடுச்சு, மரத்தக் காப்பாத்தணும்" என்று அவசர அவசரமாக ஒரு மரத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் ஒன்றுமே சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. மூன்று மரங்கள் காப்பாற்றப்பட்டன, மற்றவை வெள்ளத்தோடு போயின. ப்ரோக்கோலியை அவள் தெரிந்தே வாயில் போட்ட முதல் இரவு அதுதான்.

அந்த மரங்கள் பச்சைப் பசேலென்று இருந்ததற்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் மூடி போட்டுக் குழைய வேகவைப்பேன். பாசி நிறத்தில், ஒரு மாதிரி வாடையோடு வரும். காய் வேகும்போது அதிலிருக்கும் அமிலம் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடி போட்டால் அது தண்ணீரிலேயே தங்கி, பச்சையத்தைக் கெடுத்துவிடும். இப்போது நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, திறந்தபடியே மூன்று நிமிடம். கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். உப்பு கசப்பையும் அடக்கும். பச்சை நிறத்துக்காகச் சமையல் சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் நிற்கும்தான், ஆனால் காய் கொழகொழவென்று ஆகிவிடும், வைட்டமின் சிலதும் வீணாகும். வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாப்பாடு என்று தேடினால் வருகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். சோற்றில் செய்த கரடி, கேரட்டில் வெட்டிய பூ, எள்ளை வைத்துக் கண். ஒரு வாரம் நானும் முயன்றேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஒரு முயல் செய்தேன். முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது. அவள் ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தாள். "அழகா இருக்குப்பா, இதச் சாப்பிட வேண்டாம்" என்றாள். அவள் சொன்னது நியாயம். முயலில் விளையாடியதெல்லாம் நான். அவளுக்குப் பார்க்கிற வேலை மட்டும்தான். மலையை அவளே கட்டினாள், அவளே உடைத்தாள். அதனால்தான் அது வாய்க்குள் போனது. இப்போது என் கை வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதியை அவளிடம் விட்டுவிடுகிறேன்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஊதா முட்டைக்கோஸ்தான். அதைச் சன்னமாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, எலுமிச்சம்பழத்தில் பாதியை அவள் கையில் கொடுப்பேன். இரண்டு கையாலும் பிடித்துப் பிழிவாள், பிழியும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வாள். சாறு பட்ட இடமெல்லாம் ஊதா போய் இளஞ்சிவப்பாகும். முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு கிளறக் கிளறக் கிண்ணம் முழுக்க. ஆந்தோசயனின் என்கிற நிறமி செய்கிற வேலை அது, அமிலம் பட்டால் சிவக்கும். ஒரு தடவை கோஸை வேகவைத்த தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டுக் காட்டினேன். ஒன்று ரோஜா நிறம், மற்றது நீலப் பச்சை. சோடா போட்டதைக் கொட்டிவிட்டோம். ஆனால் இளஞ்சிவப்புக் கோஸை, தானே நிறம் மாற்றியது என்பதற்காகவே கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள். அதில் வைட்டமின் சி நன்றாகவே இருக்கிறது, பச்சையாகச் சாப்பிடுவதால் வெந்து வீணாவதும் இல்லை.

எலுமிச்சை பிழிவது இப்போது வீட்டில் அவளுக்கென்றே ஆகிவிட்ட வேலை. கீரைக்கும் அவள்தான் பிழிகிறாள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏறும். தேநீர் குடித்தால் குறையும். அதனால் நானும் மனைவியும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கிற பழக்கத்தை விட்டோம். கேரட்டுக்கு எண்ணெய் அல்லது வெண்ணெய் வேண்டும். அதிலிருக்கும் பீட்டா கரோட்டின் என்கிற சத்து கொழுப்பில்தான் கரையும், வேகவைத்தால் இன்னும் நன்றாகச் சேரும். பருப்பும் சோறும் ஒன்றுக்கொன்று துணை: புரதத்தின் கூறுகளில் அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் பருப்பில் நிறைய உண்டு, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் கிடைக்கும். இதற்கெல்லாம் விலை கூடிய சத்து மாவோ டப்பாவோ தேவைப்படவில்லை.

முட்டை திரும்பி வந்த கதை தனி. அதற்கு ஐந்து மாதம் ஆனது. சுத்தமாகக் கழுவிய பால் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நடுவில் மடித்து வாய்க்கால் மாதிரி வைத்தேன். நன்றாக வெந்த முட்டையைச் சூடு ஆறுவதற்குள் உரித்து அவள் கையில் கொடுத்தேன். வெதுவெதுப்பாக, மெத்தென்று இருக்கும். "இது தூங்குதா?" என்று கேட்டாள். வாய்க்காலில் நீளவாட்டில் படுக்க வைத்தாள். அதன் முதுகில் ஒரு மெல்லிய மரக்குச்சியை நீளமாக வைத்து அழுத்தி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டோம். பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில். சூட்டோடு இருக்கும்போது முட்டை வளைந்து கொடுக்கும், குளிர்ந்தால் கொடுத்த வடிவத்திலேயே நின்றுவிடும். குச்சியை எடுத்துவிட்டுக் குறுக்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் இதய வடிவம், உள்ளே மஞ்சள்.

அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். மஞ்சளை விரலால் நோண்டினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். "உள்ள ஒண்ணும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயில் போட்டாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டுச் சாப்பாடு என்றால் உருண்டையாக எதையாவது செய்யத் தோன்றும். திராட்சை, குட்டித் தக்காளி இவற்றை முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாட்டில் நாலாக வெட்டுங்கள். முழு நிலக்கடலை, முந்திரி எதுவும் ஐந்து வயதுக்குள் வேண்டாம், பொடித்துத் தூவலாம். வாயில் உணவோடு சிரித்துக்கொண்டே ஓடவும் கூடாது. எங்கள் வீட்டில் மலை உடைக்கிறது எல்லாம் உட்கார்ந்த இடத்தில்தான்.

"ப்ரோக்கோலி முடித்தால் சாக்லேட்" என்று பேரம் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். அப்படிச் சொன்னால் சாக்லேட்தான் உசத்தி, ப்ரோக்கோலி அதற்குக் கட்டுகிற அபராதம் என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிறது. எல்லின் சாட்டர் என்கிற ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த ஒரு பங்கீடு உண்டு. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிது. பாதித் தட்டு மிச்சமாகிற இரவில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து சாப்பாட்டு மேசையில் அழுகை இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பீட்ரூட்டை எரிமலைக் குழம்பாக ஊற்றுகிறாள், கையெல்லாம் பூசிக்கொள்கிறாள், நாக்கில் மட்டும் வைப்பதில்லை. இதுவரை ஒன்பது தடவை ஆகியிருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கோடு கிழித்து எண்ணி வருகிறேன். கீரைக்குப் பதினோரு கோடு. பன்னிரண்டாவது தடவை, எலுமிச்சை பிழிந்து முடித்ததும், யாரும் சொல்லாமலே விரலில் ஒட்டியிருந்த கீரையை நக்கிப் பார்த்தாள். "புளிப்பா இருக்கு" என்று இன்னொரு வாய் எடுத்தாள்.

நேற்று காய்கறிப் பையைக் கொட்டியபோது கத்தரிக்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வழவழவென்று இருந்ததைத் தடவிக்கொண்டே, "அப்பா, இது திமிங்கலம்" என்றாள். இன்று ராத்திரி அதை நீளவாட்டில் வெட்டி எண்ணெய் தடவி வாட்டப் போகிறேன். ஏரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். பருப்பு ஒரு கோப்பையாகப் போட வேண்டும்.