எடுத்துவிட்ட இரைச்சல்

“இசையைத் தொடவில்லை, இரைச்சலை மட்டும்தான் எடுத்தேன்” என்று, பழைய இசைத்தட்டுகளைச் சுத்தமான பிரதிகளாக்கித் தரும் நான், அன்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. அதைச் சொன்னபோது நான் எதையும் சரிபார்த்திருக்கவில்லை.

அவர் கொண்டுவந்தது, லாரி ஹெர்ட் என்ற சிகாகோ கலைஞர் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்னும் பெயரில் 1986-இல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’ என்ற ஹவுஸ் வகை நடன இசை அடங்கிய 12 அங்குல இசைத்தட்டு. இளமையில் அந்த ஊரிலேயே அதற்கு ஆடியவர் அவர். தட்டில் படபடவென்ற வெடிப்பொலிகளும், அடியில் ஓயாத சீறலும் இருந்தன. வெடிப்பொலிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. சீறலைக் குறைப்பதற்கு, இசை தொடங்குமுன் ஊசி வெறுமையாக ஓடும் இரண்டு விநாடிகளை மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்தேன்; அதைப் போன்ற ஒலியை அது பாட்டு முழுவதிலும் குறைத்துவிடும். எல்லாத் தட்டுகளுக்கும் அப்படித்தான் செய்துவந்தேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். “சுத்தமாக இருக்கிறது. ஆனால் இது அந்தப் பாட்டு மாதிரி இல்லையே” என்றார். அதற்குத்தான் அந்தப் பதில். தலையசைத்துவிட்டு, பணத்தைக் கொடுத்துச் சென்றுவிட்டார்.

அன்று மாலை, நீக்கப்பட்ட ஒலியை மட்டும் தனியே ஓடவிட்டுக் கேட்டேன். சீறலுக்குள் ஹை-ஹாட்டின், அதாவது டிரம்ஸின் சிறு இரட்டைத் தாளத் தட்டுகளின், தட்டல் மெல்லியதாக, தாளம் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

காரணம் புரியாமலில்லை. டிரம்மராக இருந்த ஹெர்ட், ரோலண்ட் ஜூனோ-60 என்னும் சின்தசைசரையும், டிஆர்-909 என்னும் தாள இயந்திரத்தையும் கொண்டு, கேசட்டில் பதிவு செய்த இசை அது. ஒலியைத் தடித்துக் காட்டும் ஜூனோவின் கோரஸ் விளைவே தன் பங்குக்குச் சீறும், கேசட்டும் சீறும், 909-இன் ஹை-ஹாட்டோ 6 பிட் என்ற குறைந்த துல்லியத்தில் டிஜிட்டலாகப் பதிந்த ஒலி, அதுவே சற்றுச் சொரசொரப்பானது. இவற்றுக்கு மேல் தட்டின் உராய்வும் சேரும்போது, எது சேதம், எது இசை என்று மென்பொருளால் பிரித்தறிய முடியாது. என்னால் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. உராய்வு ஹெர்ட் கேட்டு வாங்கியதா என்று இன்னொரு மனம் வாதாடுகிறது.

இத்தனை ஆண்டுகளாக இந்த இசை மனிதர்களைப் பிடித்துவைத்திருப்பதற்குக் காரணம் அதிலுள்ள இடைவெளிதான் என்று நான் நம்பியிருந்தேன். பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி ஒரே வட்டத்தில் சுற்றிச்சுற்றி வர, அதன்மேல் கார்ட்ஸ், அதாவது பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலிகள், அவசரமில்லாமல் விரியும். முதல் வடிவத்தில் குரலே கிடையாது. பின்னாளில் ஹவுஸ் இசையின் பிறப்பைப் பிரசங்கம்போல் சொல்லும் குரலையும், மார்ட்டின் லூதர் கிங்கின் உரையையும் இதன்மேல் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இது இடம் கொடுத்தது. அந்த மாலைக்குப் பிறகு, நான் இடைவெளி என்று எண்ணியதில் பாதி அந்தச் சீறல்தானோ என்ற ஐயம் வந்துவிட்டது. நான் சுத்தம் செய்த பிரதியில் கார்ட்ஸ் ஒவ்வொன்றும் முடிந்தவுடன் சட்டென்று ஒன்றுமில்லாமல் போகிறது. தட்டில் அப்படி இல்லை.

மறுவாரம், எதையும் நீக்காத பிரதியை அவருக்கு அனுப்பி, “இதையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் எழுதினேன். நீங்கள் சொன்னது சரி என்று எழுதவில்லை. நன்றி என்று ஒரு சொல் பதிலாக வந்தது. அவர் அன்று தேடியது ஹை-ஹாட்டையா, நான் வருத்தமில்லாமல் எடுத்துப்போட்ட அந்த வெடிப்பொலிகளையா என்பதையும் அவரிடம் நான் கேட்கவில்லை.