மேல் வயலில் கீழ்க் கண்மாய் மண்

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்ச் சங்கிலியில் நுண்ணுயிர் மாதிரி எடுக்கும் வேலையில் இரண்டு பருவம் இருந்தேன். மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. வயலில் பாய்ந்து வடிவதும் கீழே இருக்கும் கண்மாயில்தான் சேரும். முதல் வாரம் நான் வரைந்த படத்தில் அம்புக்குறிகள் எல்லாம் மேலிருந்து கீழாகவே ஓடின.

ஐப்பசி மழையின் முதல் வெள்ளத்தை வடிகட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 0.22 மைக்ரான் வடிதாளில் 100 மில்லி இறங்குவதற்குள் செம்மண் அடைத்துக்கொண்டது. அந்த நீரில் இருந்தவை பெரும்பாலும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள். இதில் வியப்பில்லை. ஒரு மில்லி கண்மாய் நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும் என்றால், ஒரு கிராம் வயல் மண்ணில் 100 கோடி வரை இருக்கும். ஒரு சிட்டிகை மண் கரைந்தால் ஒரு லிட்டர் நீரின் கூட்டமே மாறிவிடும்.

தை மாதம் அதே இடத்தில் எடுத்த நீர் வேறு மாதிரி இருந்தது. வண்டல் படிந்து, நீர் தெளிந்து, நன்னீருக்கே உரிய ஆக்டினோபாக்டீரியாக்களும் நீலப்பச்சைப் பாசிகளும் பெருகியிருந்தன. கலுங்கு பாயும் நாட்களில் மேல் கண்மாயும் கீழ்க் கண்மாயும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. வரத்து நின்று வாரங்கள் ஆனதும் ஒவ்வொன்றும் தன் போக்கில் பிரிந்தது. நீர் எவ்வளவு நாள் தேங்கி நிற்கிறது என்பது, எங்கிருந்து வந்தது என்பதைப் போலவே முக்கியம் என்று அப்போது புரிந்தது.

இதெல்லாம் என் அம்புக்குறிகளுக்குள் அடங்கியது. அடங்காமல் நின்றது மேல் கண்மாய்க்கும் மேலே, மேட்டில் இருந்த ஒரு மானாவாரிப் புஞ்சை. காய்ந்த செம்மண். அதில், காற்றில்லாச் சேற்றில் வாழ்ந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும் மீத்தேன் உயிரிகளின் டி.என்.ஏ. தாராளமாக வந்தது. பைகளின் சீட்டு மாறிவிட்டதோ என்று பயந்து, மறுபடியும் போய் மண் எடுத்தேன். அதே முடிவு.

அன்று கரையில் உட்கார்ந்திருந்த நீர்பாய்ச்சிப் பெரியவர், நான் மண்ணைப் பையில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு மண்ணுன்னு பாக்குறீகளா தம்பி? அது எங்க கண்மா வண்டல். சித்திரையில டிராக்டர்ல அள்ளிட்டு வந்து அடிச்சாக."

"கீழ்க் கண்மாயிலிருந்தா ஐயா?"

"ஆமா. சம்பந்தி வீட்டு நெலம். பெறகு ஆட்டுக் கிடை வேற போட்டாக."

நீரின் எதிர்த்திசையில், ஒரு கோடையில், பல டன் மண் ஏறிப்போயிருக்கிறது. அதைக் கேட்காமலே ஒரு பருவம் முழுக்க வேலை செய்திருக்கிறேன். கீதாரிகள் ஊர் ஊராக ஓட்டிவரும் மந்தை, அறுவடை முடிந்த தாளடியில் மேயும் வாத்துகள், சேறு அப்பிய டிராக்டர் சக்கரம் எல்லாமே உயிர்களைச் சுமக்கும் பாதைகள். கிடை போட்ட வயலில் விழும் முதல் மழை, ஆட்டின் குடல் பாக்டீரியாக்களை ஓடைக்கு இறக்கும். அந்தக் குடல் பாக்டீரியாக்களில் ஒன்றான இ.கோலை, நீரில் இருப்பதைவிடப் படுகைச் சேற்றில் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் கலக்கும்போது மறுபடி மேலே வரும்.

புஞ்சையில் கண்ட மீத்தேன் உயிரிகள் உயிரோடிருந்தனவா என்று டி.என்.ஏ. மட்டும் சொல்லாது, செத்த செல்லின் டி.என்.ஏ.யும் மண்ணில் தங்கும். காய்ந்த மண்ணில் அவை பிழைத்துக் கிடக்கவும் கூடும். அந்த மண்ணைக் குப்பிகளில் போட்டு, நீர் நிரப்பி, காற்றை நீக்கி, மூடி வைத்தோம். மீத்தேன் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சில வாரங்களில் வந்தது.

அடுத்த பருவத்துக்கு வரைபடத்தைப் புதிதாக வரைந்தேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் நேராக ஒரு கட்டம் சேர்த்தோம்: இந்த வயலுக்கு எந்த ஊர் வண்டல், எந்த மாதம் கிடை. அதை நிரப்பித் தந்தவர் அந்த நீர்பாய்ச்சிப் பெரியவர்தான்.