கிணற்றில் குரோமியம்: எந்த இலாகாவிடம் எதைக் கேட்டோம்

மலேசியாவின் தெற்குக் கெடாவில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்று துண்டுதுண்டாக விற்கப்பட்ட பின் எஞ்சி நிற்கும் லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருக்கிறோம். தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது. பிறகு ஓர் ஓரம் தொழிற்பேட்டையாகி, அங்கே உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று வந்தது. அரசாங்கக் குழாய் நீர் சாலையோரக் கடைகளோடு நின்றுவிட்டதால், லயத்து மக்களுக்குக் கிணறே கதி. அந்தக் கிணற்று நீர் இலேசாக மஞ்சளிக்கத் தொடங்கியபோது மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்தோம். அவர்கள் தாமதிக்காமல் வந்து மாதிரி எடுத்தார்கள் என்பதையும், நீர் திருப்திகரமாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சோதிக்கப்பட்டவை கிருமிகள், அமிலத்தன்மை, கலங்கல் ஆகியவை மட்டுமே. உலோகங்களைத் தேட வேண்டுமானால் மாதிரியை வேறு போத்தலில் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, கருவிகள் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு எடுத்த போத்தலில், முலாம் பூசப் பயன்படும் உலோகமான குரோமியம் இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே, இதே நிலையில் இருப்பவர்கள் "நீர் நல்லதா" என்று கேட்காமல், "எந்தெந்தப் பொருள்களுக்குச் சோதித்தீர்கள், ஒவ்வொன்றின் அளவு என்ன" என்று எழுத்தில் கேட்க வேண்டும் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்காக மலாய் மொழியில் கடிதம் எழுதினார். பட்டறையில் என்ன தொழில் நடக்கிறது, அது கிணற்றுக்கு எந்தத் திசையில் உள்ளது, மழைக்குப் பின் நிறம் எப்படி மாறுகிறது என்பவற்றை மட்டும் அதில் குறித்து, யார் மீதும் குற்றம் சாட்டாமல், குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவற்றுக்குச் சோதிக்குமாறு பெயர் சொல்லிக் கேட்டோம். அதோடு ஊரில் பணம் திரட்டி, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் ஒன்றிலும் கொடுத்தோம். மலேசியக் குடிநீர்த் தர அளவின்படி குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பட்டறைக்கு அருகிலிருந்த கிணறுகள் அதைத் தாண்டியிருந்தன. சுகாதார அலுவலகம் மறுபடி எடுத்த மாதிரியை இரசாயன இலாகா சோதித்தபோதும் அதுவே வந்தது.

"கொதிக்க வச்சுத்தானேப்பா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்" என்று எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் கேட்டார். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். இந்த ஒரு செய்தியைத் தமிழில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்க எந்த அலுவலகமும் முன்வராததால் நாங்களே அச்சிட்டோம். முதல் நாளே அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அதன் பிறகுதான் அலுவலகம் அலுவலகமாக அலையும் காலம் தொடங்கியது. கிணற்று நீர் குடிக்கத் தக்கதா என்பது சுகாதார அமைச்சின் பொறுப்பு. பட்டறையிலிருந்து வெளியேறும் கழிவு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் இலாகாவின் பொறுப்பு. நிலத்தடி நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதை அறிந்தவர்கள் கனிம, புவி அறிவியல் இலாகாவினர். நிலமோ மாநில அரசின் அதிகாரம். குடிநீர் விநியோகம் 2005ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொது. ஒவ்வொருவரும் தம் எல்லையைச் சரியாகவே சொன்னார்கள், ஆனால் எல்லைகளைச் சேர்த்துப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு புகாருக்கும் எண் வாங்கி, அடுத்த இலாகாவுக்கு எழுதும்போது முந்தைய எண்ணையும் சோதனை முடிவையும் இணைத்து, நகலை மாவட்ட அதிகாரிக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்பத் தொடங்கிய பிறகே அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

பட்டறையில் குரோமியம் கலந்த சேறு பழைய பீப்பாய்களில், கூரையில்லாத இடத்தில் கிடந்தது. இத்தகைய கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. விசாரணை நடப்பதால் சோதனை அறிக்கையைத் தர இயலாது என்றார்கள் சுற்றுச்சூழல் இலாகாவினர். வழக்குக்கு அந்த இரகசியம் தேவை என்பதை ஏற்கிறேன். குடிப்பவரின் கிணற்றில் என்ன உள்ளது என்பதையும் விசாரணை இரகசியமாக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன, நாடே பார்த்தது. குரோமியத்துக்கு நாற்றம் இல்லை. அதனால் யாரும் ஓடிவருவதில்லை.

தண்ணீர் லாரி வந்தது, நீலத் தொட்டிகள் வந்தன. நிரந்தரக் குழாய்க்குத்தான் பெரிய தடை: லயன்கள் தனியார் நிலத்தில் உள்ளன, நில உரிமையாளரின் சம்மதமின்றிக் குழாய் பதிக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு முதலாளியே இலவசக் குழாய் நீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது; ஆனால் எங்களில் பெரும்பாலோர் இப்போது அங்கே வேலை செய்வதில்லை, வேலை போனதோடு அந்த உரிமையும் போய்விட்டது. மூன்று தலைமுறையாக ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இந்தப் பதில் போதாது என்றே இன்றும் நினைக்கிறேன். மாவட்ட அதிகாரி உரிமையாளரை அழைத்துப் பேசி, சாலையோரமாகவே குழாய் கொண்டுவரச் சம்மதம் பெற்ற பின் முன்வரிசை வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது.

பின்வரிசை வீடுகளுக்கு இன்னும் லாரித் தண்ணீர்தான். மூடிய கிணறுகளில் அவ்வப்போது மாதிரி எடுக்கிறார்கள்; அந்த முடிவுகளின் நகலை ஊர்க் குழுவுக்கு ஒவ்வொரு முறையும் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.