காட்டு நெல் கேள்வியில் நான் கோட்டை விட்ட இடம்

ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வை முதல் தடவை எழுதியபோது நெல்லின் காட்டு உறவுகளை ஓர் அட்டவணையாகத்தான் உருப்போட்டேன். இனம், ஜீனோம், பண்பு என்று மூன்று கட்டம். தேர்வறையில் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்க உதவும் எக்ஸ்ஏ 21 ஜீன் எந்தக் காட்டு இனத்திலிருந்து வந்தது என்றதற்கு அஃபிசினாலிஸ் என்று குறித்துவிட்டு, தெம்பாக வெளியே வந்தேன். சரியான விடை லாங்கிஸ்டாமினேட்டா.

அடுத்த முறை ஜீனோம் எழுத்திலிருந்து, அதாவது ஓர் இனத்தின் குரோமோசோம் தொகுதி எந்த வகை என்று காட்டும் எழுத்திலிருந்து தொடங்கினேன். நாம் விதைக்கும் நெல் ஏஏ, 24 குரோமோசோம். நிவாரா, ரூஃபிபோகன், லாங்கிஸ்டாமினேட்டா எல்லாமே ஏஏதான். ஒன்றோடொன்று கலப்பு செய்தால் பெரும்பாலும் விதை பிடிக்கும். அஃபிசினாலிஸ் சிசி, ஆஸ்ட்ராலியென்சிஸ் ஈஈ. மைனூட்டா பிபிசிசி, அதற்கு 48 குரோமோசோம். இந்தத் தூரத்து உறவுகளோடு கலப்பு செய்தால் கரு பாதியில் கருகிவிடும். இரண்டு வாரத்துக்குள் கருவைப் பிரித்தெடுத்து ஊடகத்தில் வளர்க்க வேண்டும். 'எம்பிரியோ ரெஸ்க்யூ (கரு மீட்பு) எதற்குத் தேவை?' என்ற கேள்விக்கு விடை அந்த எழுத்திலேயே இருக்கிறது.

பிறகு ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கதை. எனக்கு நன்றாகக் கைகொடுத்தது நிவாரா. நெற்பயிரைக் குட்டையாக்கும் கிராஸி ஸ்டன்ட் வைரஸுக்கு எதிர்ப்பு தேடி, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சலித்தது. உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு நிவாரா மாதிரிதான் தேறியது. 1976இல் வந்த ஐ.ஆர். 36 நெல் ரகத்தில் அந்த ஜீன் இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு, கவனியுங்கள். வைரஸைப் பரப்புவது புகையான் என்ற தத்துப்பூச்சி. ஆனால் நிவாரா தந்தது வைரஸுக்கான எதிர்ப்பு, பூச்சிக்கானது அல்ல. புகையானுக்கு அஃபிசினாலிஸ், ஆஸ்ட்ராலியென்சிஸ் பக்கம் போக வேண்டும். குலை நோயைத் தாங்க உதவும் பிஐ 9 ஜீன் மைனூட்டாவின் கொடை.

எக்ஸ்ஏ 21ஐ இப்போது சோற்றோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204க்கு பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் திறன் கிடையாது. ஹைதராபாத்தில் அதற்கு மூன்று எதிர்ப்பு ஜீன்களை ஏற்றி, மேம்படுத்திய சம்பா மசூரி என்று வெளியிட்டார்கள். மூன்றில் எக்ஸ்ஏ 21 மட்டுமே காட்டு நெல்லிலிருந்து வந்தது, அது ஓங்கு ஜீன், ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும். மற்ற இரண்டும் ஒடுங்கு ஜீன்கள், இரண்டு பிரதிகளும் வேண்டும்.

பேக்கிராஸ் என்றால் கலப்பில் வந்த செடியை மறுபடி மறுபடி நம் நெல்லோடே கலப்பது; அதன் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள், போட்டுப் பாருங்கள்: நம் நெல்லின் பங்கு சராசரியாக முதல் கலப்பில் 50 சதவீதம், அடுத்தடுத்த தலைமுறையில் 75, 87.5. காட்டு நெல்லின் வேண்டாத குணங்களைக் கழிக்க ஏன் இத்தனை தலைமுறை என்பது தானே விளங்கும்.

அந்த வேண்டாத குணங்களில் முதலாவது மணி உதிர்வது. ஆய்வுக்குப் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை மாலை நிவாரா கதிரைப் பார்த்து, திங்கள் அறுக்கலாம் என்று போனேன். திங்கள் காலை வெறும் காம்புதான் நின்றது. பால் பிடித்ததுமே கதிருக்கு உறை மாட்டிவிடுங்கள்.