பரங்கிமலை ஏறும்போது வந்த ஒரு கேள்வி

நாங்க கத்தோலிக்கர், தம்பி பொண்டாட்டி பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பொண்ணு. சென்னைக்கு வந்ததுல இருந்து பரங்கிமலை பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தா, போன ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். மேல வரைக்கும் ரோடு இருக்கு, ஆட்டோலயே போயிடலாம், ஆனா நான் படிதான்னு அடம்பிடிச்சேன், வழியில சிலுவைப்பாதை, அதான் இயேசு சிலுவை சுமந்ததை நினைச்சு சொல்ற ஜெபம், சொல்லிட்டே ஏறலாமே.

பாதி படியில ஆரம்பிச்சா. "அண்ணி, எங்க சபையில அப்பமும் திராட்சை ரசமும் இயேசுவை நினைவுகூருறதுக்குத்தான். நீங்க அது நிஜமாவே அவரோட சரீரம்னு சொல்றீங்களே, அப்போ சதையையா சாப்பிடுறீங்க?"

எனக்கு மூச்சு வாங்குது, இவ யோவான் நற்செய்தி 6ம் அதிகாரத்தைக் கெளப்புறா, என் சதையைத் தின்னணும்னு இயேசு பேசின இடம்! அவர் அதைப் பேசின கப்பர்நாகூம் ஊர்லயும் இதையேதான் கேட்டாங்க, இவர் எப்படி தன் சதையைத் தின்னக் கொடுப்பார்னு. நெறைய சீடர்கள் விட்டுட்டே போயிட்டாங்க, அப்பவும் இயேசு "சும்மா உவமையா சொன்னேன்பா"ன்னு கூப்பிடல, பன்னிரண்டு பேரைப் பாத்து நீங்களும் போறீங்களான்னுதான் கேட்டார். அதுக்காக செத்த சதையை மெல்லுறோம்னு திருச்சபை சொல்லவே இல்ல. உயிர்த்த கிறிஸ்து முழுசா, உடல் ரத்தம் ஆன்மா தெய்வீகம் எல்லாத்தோடயும் அங்க இருக்கார், அப்பத்தோட நிறம் ருசி எதுவும் மாறாது, அது என்னவா இருக்கோ அந்த உட்பொருள்தான் மாறுது. 1215ல ஆயர்கள் கூடின லாத்தரன் சங்கத்துலயே இதுக்கு வார்த்தை வந்துடுச்சு, 1551ல திரெந்து சங்கம் இன்னும் அழுத்தமா சொல்லுச்சு, துண்டா உடைச்சாலும் ஒவ்வொரு துண்டுலயும் அவர் முழுசா இருக்கார்னு.

மேல போனா போர்த்துகீசியர் காலத்துக் கோயில், பீடத்துக்குப் பின்னாடி பஹ்லவிங்கிற பழைய பாரசீக எழுத்து செதுக்கின கல் சிலுவை. 1558 டிசம்பர் 18 பூசை நேரத்துல அதுல ரத்தம் வேர்த்ததா சொல்வாங்க. எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்குறாங்க, எனக்கென்னமோ அதே பீடத்துல தினம் நடக்குறதுதான் பெரிசா தெரியுது.

பூசையில எழுந்தேற்றம், அதான் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டுற நேரம், வந்தப்ப பக்கத்துல ஒரு பாட்டி "என் ஆண்டவரே, என் தேவனே"ன்னு முணுமுணுத்தாங்க. இவ திரும்பி என்னைப் பாத்தா, உயிர்த்த இயேசுவைப் பாத்து, முதல்ல நம்பாத சீடர் தோமா சொன்னதுதானேன்னு. நன்மை, அதான் அந்த அப்பம், வாங்க நான் மட்டும் போனேன், அவ பெஞ்சுலயே உக்காந்திருந்தா.

வெளிய வந்ததும் மடக்கினா. "தோமா காயத்தைத் தொட்டுப் பாத்து சொன்னாரு அண்ணி, இங்க தொட்டா மாவுதானே?"

சரியான கேள்வி. ஆனா தொட்டார்னு யோவான் எழுதவே இல்லையே, விரலை விடுன்னு இயேசு சொன்னார், உடனே இவர் பதில் சொல்லிட்டார், அவ்ளோதான் இருக்கு. அந்தக் காலத்துப் போப் பெரிய கிரகோரியார் இதை அழகா சொல்லுவார், தோமா பாத்தது ஒண்ணு, நம்பினது வேற ஒண்ணு. கண்ணு முன்னாடி நின்னது காயத்தோட ஒரு மனுஷன், வாய் சொன்னது கடவுள்னு. கடவுள்தன்மையை அவரும் கண்ணால பாக்கல. அப்போ அவருக்கும் நமக்கும் தூரம் நாம நினைக்கிற அளவுக்கு இல்ல, அவர் மனுஷனைப் பாத்து சொன்னதை அந்தப் பாட்டி அப்பத்தைப் பாத்து சொல்றாங்க, "இது என் உடல்"னு சொன்னவரை நம்பி.

அவ ஒத்துக்கல. பாஸ்டர்கிட்ட கேக்குறேன்னா. கேளு தாயி, அப்படியே 1 கொரிந்தியர் 11:27ஐயும் கேட்டுட்டு வான்னேன், வெறும் அடையாளம்னா அதைத் தகுதியில்லாம சாப்பிடுறவன் ஆண்டவரோட உடலுக்கும் ரத்தத்துக்கும் எதிரா குத்தம் பண்றான்னு பவுல் ஏன் எழுதணும்?