கோத்தா கோமகனும் என் வகுப்பும்

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நாடுகளைச் சிதைத்த முப்பதாண்டுப் போர் என்றால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1632இல் லூட்ஸன் களத்தில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் மாண்ட கதையைச் சொல்லும்போது மணி அடித்தாலும் எழ மாட்டார்கள். ஆனால் சிதைந்து கிடந்த ஊர்களை அப்புறம் யார் நிமிர்த்தினார்கள்? பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அதனால் நானாகவே ஒருவரைச் சேர்த்து நடத்துகிறேன்: சாக்ஸ-கோத்தா என்ற சிறிய ஜெர்மானிய நாட்டின் கோமகன் முதலாம் எர்ன்ஸ்ட். ஜெர்மானியர்களுக்கு அவர் ‘பக்திமான் எர்ன்ஸ்ட்’.

1601இல் பிறந்தவர். லூட்ஸனில் ஸ்வீடன் பக்கம் நின்று போரிட்டவர். தம்பி பெர்ன்ஹார்ட் தளபதியாகப் பேர் வாங்கினார். எர்ன்ஸ்டோ 1640இல் சகோதரர்கள் பாகம் பிரித்ததில் கிடைத்த கோத்தாவுக்கு வந்து ஆட்சியில் உட்கார்ந்தார். படைகள் மாறி மாறிச் சூறையாடிய துரிங்கியா மண் அது. மறு வருஷமே ஊர் ஊராக விசாரணை தொடங்கியது. பாதிரியார் எப்படி, வாத்தியார் எப்படி, ஜனங்களுக்கு என்ன தெரியும்? பெரியவர்களுக்கே வேதபாடம் தெரியவில்லை என்றதும் அவர்களுக்கும் வகுப்பு வைத்தார்.

1642இல் வந்த பள்ளி ஒழுங்குமுறைதான் எனக்கு முக்கியம். எழுதியவர் கோத்தா உயர்பள்ளியின் தலைமையாசிரியர் ஆண்ட்ரியாஸ் ரைஹர். கிராமத்துப் பையன்கள், பெண்பிள்ளைகள் இரு தரப்பும் ஐந்து வயதிலிருந்து பள்ளிக்கு வர வேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். படிப்பு, எழுத்து, கணக்கு, பாட்டு, வேதபாடம். போர் முடிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது! இந்த ஆர்வம் வீட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவருடைய தாய் டோரத்தேயா மரியா, கல்விச் சீர்திருத்தக்காரர் வோல்ஃப்காங் ராட்கேயை ஆதரித்தவர்.

ஃப்ரீடன்ஸ்டைன் அரண்மனையையும் போர் நடக்கும்போதே, 1643இல், கட்டத் தொடங்கினார். அதன் வாசலுக்கு மேல் அமைதியும் நீதியும் முத்தமிட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது. கூடவே ‘அமைதி ஊட்டி வளர்க்கும், பகை தின்று தீர்க்கும்’ என்ற வாசகம். அந்தப் படத்தைத் திரையில் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

“சார், எல்லாம் மதத்துக்காகத்தானே செய்தார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம், பெரும்பாலும் அதற்காகத்தான். குடிமக்களின் பக்தியையும் ஒழுக்கத்தையும் அவ்வளவு நெருக்கமாகக் கண்காணித்த ஆட்சியில் வாழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் குடியானவன் மகளுக்கும் எழுத்து தெரிய வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது, காரணம் எதுவானாலும், பெரிய காரியம். இதை மாணவர்களிடம் அழுத்தியே சொல்கிறேன்.

1675இல் இறந்தார். ஏழு மகன்கள் 1680இல் நாட்டை ஏழாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லைகள் சிதறின; பள்ளிப் பழக்கம் சிதறவில்லை. பிற்காலத்தில் மதபோதகராகவும் கல்வியாளராகவும் பேர் வாங்கிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃப்ராங்கே கோத்தாவில் வளர்ந்து படித்தவர். அவருடைய தந்தை எர்ன்ஸ்டின் அரசுப் பணியில் இருந்தவர். ஃப்ராங்கே ஜெர்மானிய நகரமான ஹாலேயில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஹாலேயில் படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, அங்கே பள்ளிகள் நடத்தினார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அடுத்த பருவத்தில் கோத்தா ஒழுங்குமுறையையும் தரங்கம்பாடிப் பள்ளிகளையும் அடுத்தடுத்த வகுப்புகளில் நடத்தப் போகிறேன்.